குப்பைமேட்டில் கிடைத்த ஆய்வுக்கூடம்

மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் போன் செய்து, நம்ம செட்ல கடைசி வரைக்கும் கடலையோடவே குடித்தனம் நடத்தினவன் நீதான்டா, ஒரு கட்டுரை குடுத்தே ஆகணும் என்று பிடிவாதம் பிடித்தான். அவன் சொன்னது வாஸ்தவம்தான். அப்பா திண்டிவனம் பக்கம் மல்லாட்டை போட்டவர். நான் 1986-ல் இக்கல்லூரியில் சேர்ந்து, 1989-ல் வெளியே போய், எண்ணெய், புண்ணாக்கு, கடலை மாவு, கடலை மிட்டாய் என்று வேலை பார்த்தே தலை நரைத்துவிட்டது. என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? எங்கள் பேராசிரியர் ஒருவர் எனக்கு அறிமுகம் செய்து வைத்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். என் கதையும் நடுவில் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் வகுப்பு. பாதிப் பேர் தூக்கத்தில். சார் உள்ளே வந்து ஒரு வறுகடலைப் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். ஆளுக்கு நாலு பருப்பு கொடுத்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். புரதம் கால் பங்கு, எண்ணெய் ஏறக்குறையப் பாதி என்று முன்வரிசைக்காரர்கள் மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். சார் சிரித்தார். அன்று பாடம் நடத்தவில்லை. ஒரு மணி நேரமும் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரைப் பற்றியே பேசினார். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று மாலையே நூலகத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் தேடி எடுத்தேன். அதன் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு குதிரைக்கு ஈடாக

கார்வர் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்ற சிற்றூருக்கு அருகே, மோசஸ் கார்வர் என்பவரின் பண்ணையில், 1864-ஐ ஒட்டிப் பிறந்தார் என்பது கணிப்பு. தாய் மேரி, அந்தப் பண்ணையின் அடிமை. ஆகவே பிள்ளையும் அடிமை. அடிமைகளின் பிறந்தநாளை யார் எழுதி வைப்பார்கள்?

கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு கொள்ளைக் கூட்டம் தாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மோசஸ் ஆள் அனுப்பித் தேடினார். பிள்ளை மட்டும் திரும்பி வந்தது. மீட்டுக் கொண்டு வந்தவருக்கு மோசஸ் ஒரு குதிரையைக் கொடுத்தார். தாய் என்ன ஆனாள் என்பது கடைசி வரை தெரியவே இல்லை. பிற்காலத்தில் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய மனிதருக்கு அம்மாவின் முகம்கூட நினைவில் இல்லை.

கக்குவான் இருமலால் பையன் நோஞ்சானாகிவிட்டான். வயல் வேலைக்கு ஆகமாட்டான் என்று மோசஸின் மனைவி சூசன் அவனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு சமையல், துவையல், தையல் எல்லாம் கற்றுக்கொடுத்தார். மிச்ச நேரத்தில் பையன் காட்டுக்குள் போய்ச் செடி கொடிகளோடு இருப்பான். அக்கம்பக்கத்தில் யார் வீட்டுச் செடி வாடினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். சமையலறையும் செடியும் சேர்ந்து பிற்காலத்தில் ஓர் உணவு விஞ்ஞானியை உண்டாக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கதவைச் சாத்திய கல்லூரி

அடிமை முறை ஒழிந்த பிறகும் உள்ளூர்ப் பள்ளியில் கறுப்புப் பிள்ளைகளுக்கு இடமில்லை. பதினொன்று, பன்னிரண்டு வயதில் பையன் பக்கத்து ஊரான நியோஷோவுக்கு நடந்தே போனான். மரியா வாட்கின்ஸ் என்ற சலவைக்கார அம்மா வீட்டில் இடம் கொடுத்தார். அங்கிருந்து கான்சாஸ். ஊர் ஊராகத் துணி துவைத்தும் சமையல் செய்தும் படித்தான். ஃபோர்ட் ஸ்காட் என்ற ஊரில் ஒரு கறுப்பரைக் கும்பல் அடித்துக் கொன்றதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அன்றைக்கே ஊரை விட்டு ஓடினான். அந்தக் காட்சி அவரைக் கடைசி வரை விடவில்லை.

உயர்நிலைப் பள்ளி முடிந்ததும் ஹைலண்ட் என்ற ஊரின் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். கடிதத்திலேயே இடம் கிடைத்துவிட்டது. 1885-ல் பெட்டியோடு போய் நின்றார். ஆளைப் பார்த்ததும், தோலின் நிறத்தைப் பார்த்ததும், இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நாம் எல்லோரும் ஒரு கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்கள். அந்த வாசலோடு திரும்பிப் போவது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கார்வர் கான்சாஸ் சமவெளியில் புல் மண்கட்டிகளால் குடிசை கட்டிக்கொண்டு சில வருஷம் விவசாயம் பார்த்தார். படிப்பு ஆசை மட்டும் அடங்கவில்லை.

1890-ல் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்தது ஓவியமும் பியானோவும். செடிகளை அவர் வரைந்த விதத்தைப் பார்த்த ஓவிய ஆசிரியை எட்டா பட், இவர் போக வேண்டிய இடம் வேறு என்று புரிந்துகொண்டு, தன் தந்தை பேராசிரியராக இருந்த ஏம்ஸ் வேளாண் கல்லூரிக்கு வழிகாட்டினார். 1891-ல் அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர் கார்வர். 1894-ல் பட்டம், 1896-ல் முதுகலை. பூஞ்சைகளைப் பற்றிய ஆராய்ச்சியில் அங்கேயே நல்ல பெயர் எடுத்தார். சில பூஞ்சைகளின் அறிவியல் பெயரில் இன்றும் கார்வர் இருக்கிறார். இந்தப் பூஞ்சை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

டஸ்கீகி

ஏம்ஸிலேயே ஆசிரியர் வேலை இருந்தது. வசதியாக உட்கார்ந்திருக்கலாம். 1896-ல் புக்கர் டி. வாஷிங்டன் அழைத்ததும் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகிக்குக் கிளம்பிவிட்டார். கறுப்பின மக்களுக்காக வாஷிங்டன் நடத்திய கல்வி நிலையம் அது. சம்பளம் வருஷத்துக்கு 1,000 டாலர். போனால் ஆய்வுக்கூடம் என்று ஒன்றும் கிடையாது. கார்வர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போனார். காலி பாட்டில்கள், ஜாடிகள், ஓட்டைப் பாத்திரங்கள் என்று பொறுக்கிக்கொண்டு வந்து அவற்றாலேயே ஆய்வுக்கூடம் அமைத்தார். நம் கல்லூரியில் பியூரெட் பத்தாது, தராசு சரியில்லை என்று நாங்கள் முணுமுணுத்த காலத்தில் சார் இதைச் சொல்லித்தான் வாயை அடைப்பார்.

ஊரின் நிலைமை ஆய்வுக்கூடத்தைவிட மோசம். தலைமுறை தலைமுறையாகப் பருத்தி போட்டுப் போட்டு மண் செத்துக் கிடந்தது. விடுதலை பெற்ற அடிமைகள் வாரத்துக்கு உழுதார்கள். விதைக்கும் உரத்துக்கும் சாப்பாட்டுக்கும் கடன். அறுவடை வந்தால் கடனுக்கே சரி. வீட்டு வாசல் வரை பருத்தி நிற்கும், கீரைப் பாத்தி ஒன்றுகூட இருக்காது.

சாப்பாடு என்றால் மக்காச்சோள மாவு, உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு, கரும்புப் பாகு, இவ்வளவுதான். வயிறு நிறையும், உடம்பு தேறாது. தோல் வெடித்து, பேதியாகி, புத்தி பேதலித்துச் சாகும் பெல்லாக்ரா என்ற நோய் தென் மாநிலங்களில் பரவியது. தொற்று நோய் என்றே பலர் நினைத்தார்கள். 1914 முதல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் ஆராய்ந்து, உணவுக் குறைபாடே காரணம் என்று நிறுவினார். குறைந்தது நியாசின் என்ற வைட்டமின் என்பது 1937-ல்தான் தெளிவானது. மக்காச்சோளத்தில் நியாசின் உண்டு. ஆனால் அது உடம்புக்குக் கிடைக்காதபடி கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோ மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து வேகவைப்பார்கள், அதில் கட்டு அவிழ்ந்துவிடும். பயிர் அமெரிக்கத் தெற்குக்கு வந்தது, இந்தப் பக்குவம் கூடவே வரவில்லை. ஒரு சமையல் பழக்கம் விட்டுப்போனதற்கு எத்தனை ஆயிரம் உயிர் விலை! உணவுப் பதப்படுத்தல் என்பது என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

கார்வர் இந்த வைட்டமின் பெயரெல்லாம் வருவதற்கு முன்பே, வயலையும் அடுப்பையும் ஒன்றாகப் பார்த்தார். தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி, வேர்க்கடலை போடச் சொன்னார். பயறும் கடலையும் வேர்முடிச்சில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குச் சேர்க்கும். அதே பயிர் ஏழைக்குப் புரதம் கொடுக்கும். கடலையில் நியாசினும் ஏராளம். மெக்சிகோவிலிருந்து கிளம்பிய கூன்வண்டு 1910-ல் அலபாமாவுக்குள் நுழைந்து பருத்திக் காயைத் துளைக்க ஆரம்பித்ததும், பருத்தியை விட்டால் கதியில்லை என்றவர்களும் இவர் பேச்சைக் கேட்க வந்தார்கள்.

ஊர் ஊராகப் போன வண்டி

போடு என்று சொல்வது சுலபம். போட்டதை என்ன செய்வது? இந்தக் கேள்வியில்தான் கார்வர் உணவு விஞ்ஞானியாகிறார். சின்னச் சின்னக் கையேடுகள் எழுதினார், நாற்பதுக்கு மேல். தட்டைப்பயறு எப்படிச் சமைப்பது, வெயில் காலத்தில் இறைச்சி கெடாமல் எப்படி உப்பிடுவது, சர்க்கரைவள்ளியை எப்படிச் சேமிப்பது என்று எல்லாம் எளிய மொழியில். 1916-ல் வந்த கையேடு வேர்க்கடலை பயிரிடும் முறையையும், அதைச் சமைக்க 105 வழிகளையும் சொன்னது. கடலைக்குக் கடையில் விலை இல்லாவிட்டாலும், போட்டவன் வீட்டுப் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்பதுதான் கணக்கு.

படிக்கத் தெரியாதவர்களுக்குக் கையேடு என்ன செய்யும்? ஆரம்பத்தில் அவரே வார இறுதிகளில் வண்டி கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார். 1906-ல் மோரிஸ் ஜெசப் என்ற நியூயார்க் செல்வந்தரின் நன்கொடையில், கார்வரின் திட்டப்படி ஒரு வண்டி தயாரானது. கலப்பை, விதை, பால் கடையும் கருவி எல்லாம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் பள்ளிக்கூடம் அது. தாமஸ் கேம்ப்பெல் அதை நடத்தினார். விவசாயி கல்லூரிக்கு வர முடியாது, கல்லூரி அவன் களத்துக்குப் போகட்டும் என்ற ஏற்பாடு.

1921 ஜனவரியில் வேர்க்கடலை இறக்குமதி வரி பற்றிப் பேச அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் போய் நின்றார். பத்து நிமிஷம் கொடுத்தார்கள். உறுப்பினர் ஒருவர் நிறத்தைக் குத்திக் கேலியும் பேசினார். கார்வர் அசரவில்லை. பெட்டியைத் திறந்து கடலைப் பால், மாவு, சாயம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். குழு நேரத்தை நீட்டித்துக்கொண்டே போனது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஒரு காலத்தில் கல்லூரி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவரை, நாடு அன்று உட்கார்ந்து கேட்டது.

புகழும் பொய்யும்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கார்வர்தான் பீநட் பட்டரைக் கண்டுபிடித்தார் என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. 1884-லேயே கனடாக்காரர் எட்சன் கடலைப் பசைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கடலையிலிருந்து 300 பொருள் என்பார்கள். அந்தப் பட்டியலில் பல, ஏற்கெனவே தெரிந்த பண்டங்கள். வியாபாரத்தில் நின்றவை மிகக் குறைவு. செய்முறைக் குறிப்புகளையும் அவர் சரியாக எழுதி வைக்கவில்லை. வாங்கிய காப்புரிமை மொத்தம் மூன்றே மூன்று, அழகுசாதனத்துக்கும் சாயத்துக்கும். நிர்வாகமும் அவருக்கு வராது. கோழிப் பண்ணையைக் கவனிக்கச் சொன்னால் கணக்கு உதைக்கும். வாஷிங்டனுக்கும் அவருக்கும் இதனால் ஓயாத சண்டை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அவர்மேல் மரியாதை கூடித்தான் போயிற்று. 300 என்ற எண்ணில் இல்லை அவர் பெருமை. நாற்பத்தேழு வருஷம், அதே டஸ்கீகியில், விடுதி அறையில் தங்கி, கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல், ஏழை விவசாயியின் சட்டியில் நாளைக்கு என்ன வேகும் என்றே யோசித்தார். காந்தியடிகளின் நண்பர் சி.எஃப். ஆண்ட்ரூஸ் மூலம் காந்தியடிகளுக்கு உணவு யோசனையும் சொல்லி அனுப்பினார். சேர்த்து வைத்த சுமார் 60,000 டாலரும் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கே போனது. 1943 ஜனவரி 5 அன்று காலமானார். வாஷிங்டனின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரும் உறங்குகிறார். அதே ஆண்டு அவர் பிறந்த பண்ணை தேசிய நினைவிடமானது. ஒரு கறுப்பின மனிதருக்கு அமெரிக்கா எடுத்த முதல் தேசிய நினைவிடம் அதுதான்.

என் கதை

இனி நான் சொல்ல வேண்டியது. 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை விஷம் இருந்தது. அஃப்ளாடாக்சின் அப்படித்தான் வெளிப்பட்டது. ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும் விஷம். பூஞ்சையும் கடலையும் அறிந்த கார்வர் இறந்து 17 வருஷம் ஆகியிருந்தது.

படிப்பு முடிந்து நான் சேர்ந்த ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. ஒரு ஐப்பசி மாதம், மழையில் நனைந்த கடலை லோடு வந்தது. பிள்ளைகள் தின்னும் பண்டத்துக்குப் போக வேண்டிய சரக்கு. மாதிரி எடுத்துப் புற ஊதா விளக்கில் பார்த்தேன். நீலமாக மின்னியது. மேலே இருந்தவர், தம்பி, வேற மூட்டைல எடுத்துப் பாருங்க என்றார். எடுத்தேன். சுத்தமாக இருந்தது. இந்த விஷம் மூட்டை முழுக்கப் பரவி இருக்காது, ஏதோ சில பருப்பில் மொத்தமும் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது மாதிரி சுத்தம் என்றால் சரக்கு சுத்தம் என்று அர்த்தமில்லை. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். இருந்தும் இரண்டாவது முடிவை மட்டும் அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தங்கை கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது, வேலை போய்விடும் என்ற பயம். அந்தச் சரக்கை எந்தப் பிள்ளை தின்றது என்று எனக்குத் தெரியாது. இன்று வரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறு மாதத்தில் அந்த வேலையை விட்டேன். அப்பா ஊருக்குப் போய்ச் செடி பிடுங்கும் நாளில் களத்தில் உட்கார்ந்தேன். விஷம் தொழிற்சாலையில் பிறப்பதில்லை, ஈரக் காயைக் குவித்து வைக்கும் களத்தில்தான் ஆரம்பிக்கிறது என்று அங்கே கண்ணால் கண்டேன். பிறகுதான் கார்வரின் வண்டி எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து கிராமம் கிராமமாகப் போய், தார்ப்பாயில் காய வைப்பது, காயைக் குலுக்கி உள்ளே பருப்பு கடகட என்று ஓடும் வரை காய்ந்ததா என்று பார்ப்பது, பூஞ்சை பிடித்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி எறிவது என்று சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரிய விஞ்ஞானம் இல்லை. ஆனால் பெண்கள் குழுக்கள் நடத்தும் மிட்டாய்க் கூடங்கள் இதைக் கடைப்பிடிக்கின்றன.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு

நம் நாட்டிலும் இந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. 1950-ல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது முதல் இயக்குநர் வி. சுப்ரமணியன். எண்ணெய் எடுத்த கடலையின் மாவு முக்கால் பங்கு, கடலைப்பருப்பு மாவு கால் பங்கு, மேலே வைட்டமினும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்துப் பல்நோக்கு உணவு என்று அங்கே தயாரித்தார்கள். புரதம் கிடைக்காத பிள்ளைகளுக்காக, மாட்டுக்குப் போகும் பொருளிலிருந்து மனிதனுக்கு உணவு.

2024-ல் உலகில் சுமார் 67 கோடியே 30 லட்சம் பேர் பசியோடு இருந்தார்கள் என்பது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு. விளைந்த உணவில் ஏறக்குறைய 13 சதவீதம், கடைக்கு வந்து சேருமுன்பே வீணாகிறது. அந்த 13-ல்தான் நம் படிப்புக்கு வேலை இருக்கிறது. காய வைப்பது, சேமிப்பது, கெடாமல் பார்ப்பது, ஊட்டம் குறையாமல் சமைப்பது. செய்தித்தாளில் பெயர் வராது. பிள்ளைகள் பிழைப்பார்கள்.

நீங்களும் ஒருநாள் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போடும் மேஜையில் உட்காருவீர்கள். அன்றைக்கு முதல் மாதிரியையும் சேர்த்து எழுதுங்கள். வேலை போனால் போகட்டும், எங்களைப் போல முன்னாள் மாணவர்கள் எதற்கு இருக்கிறோம்? ஒரு போன் செய்யுங்கள்.

விழா அன்று வேப்பமரத்தடியில் சந்திப்போம். வறுகடலை என் செலவு. நன்றாகக் காய வைத்தது, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கியது.

— 1986–89 அணி மாணவன்